வண்டு ஏறிய வரப்பு

ஆண்டிபட்டிக் கணவாயில் எங்கள் பஸ் நின்றது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

யுத்த காலத்துக் கரி பஸ் அது. பெட்ரோல் முழுவதும் சண்டைக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை மூட்டி, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிக்குப் போன தண்டவாளத்தையும் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜெர்மனிக்கும் எனக்கும் நேரடித் தகராறு ஒன்றும் கிடையாது. ஆனாலும் என் பயணத்தைக் கெடுப்பதில் அது தனிக் கவனம் எடுத்துக்கொண்டதாகவே எனக்குப் பட்டது.

நான் இருந்தது கடைசி ஸீட். கரி உருளைக்கும் என் முதுகுக்கும் நடுவே ஒரு தகரம்தான். வெடித்தால் முதலில் போகிறவன் யார் என்று யோசித்தேன். பதில் உடனே கிடைத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியை அணைத்தபடி ஜன்னல் வழியாகக் குதித்தேன். எழுந்து வேட்டியைச் சரிசெய்தபோதுதான் பார்த்தேன், பக்கத்தில் கதவு திறந்தே இருந்தது. எல்லோரும் அதன் வழியாகப் பேசிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடையில் கோழி வைத்திருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துணைக்கு வந்தவளிடம் சொன்னாள்: “கோழியே சும்மாதான இருக்கு. இவுக ஏன் பறக்குறாக?”

பஸ்ஸைத் தள்ளினோம். மேட்டில் ஏறியதும் அது எங்களை மறந்து கொஞ்ச தூரம் ஓடி, பிறகு நினைவு வந்தாற்போல் காத்திருந்தது. மேற்கே மலை தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு மலை, நடுவில் பச்சையாக ஒரு பள்ளத்தாக்கு. மெட்ராஸில் இருந்த எனக்குத் தெரிந்த ஒரே மலை பரங்கிமலை. அதை இங்கே கொண்டுவந்து வைத்தால் பிள்ளைகள் சறுக்கி விளையாடும்.

நான் ஏன் வந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாணிக்காக வந்தேன்.

எங்கள் காலேஜில் விலங்கியல் புரொபசராக இருந்தவர் அருளப்பன் சார். ஆயுள் முழுவதும் அவர் படித்ததும் எழுதியதும் சாணி உருட்டும் வண்டைப் பற்றித்தான். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் சாணி சார். அது அவருக்கும் தெரியும். ஒரு முறை காலேஜுக்குப் பெரிய துரை ஒருவர் காரில் வந்தபோது, வாசலில் ஜட்காக் குதிரை போட்டுவிட்டுப் போனதன் முன்னால் கோட்டும் தலைப்பாகையுமாகச் சார் குந்தியிருந்தார். ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. “இது பள்ளம் தோண்டிக்கிட்டிருக்கு, முடிச்சதும் எந்திரிக்கிறேன்” என்று கையைக் காட்டினார். துரையின் கார் காத்திருந்தது. அன்று நான் மாணவன். பெரிய மனிதர்களைக் காக்க வைக்க ஒரு வண்டு போதும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அவரிடமே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, வண்டுகளுக்கு ஊசி குத்திச் சீட்டு எழுதித் தொந்தி வளர்த்தேன்.

அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் அடுக்கினால் ஒரு தலையணை உயரம் வராது. அதில் முதல் கட்டுரை, அவர் இளைஞராகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து எழுதியது. அதில் ஒரு வரி. ‘இந்த வண்டு உருண்டையைக் கிடைத்த இடத்தில் புதைப்பதில்லை; வயலைக் கடந்து வரப்பின் மேல் ஏற்றி, அங்கே புதைக்கிறது.’ நடவுக்குத் தண்ணீர் கட்டினால் வயலில் இருக்கும் குஞ்சு முழுகிப்போகும், வரப்பில் இருப்பது பிழைக்கும் என்பது அவர் யோசனை. சீமையிலிருந்த பெரிய வண்டுக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஆசிரியருக்கு நல்ல கற்பனை என்கிற மாதிரி எழுதிவிட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு சார் எதை எழுதினாலும், அந்த வரப்புக்காரர்தானே என்று ஒரு சிரிப்பு பின்னாலேயே வந்தது.

ரிடயரான பிறகு வண்டுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியாக ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் இரண்டு கண்ணிலும் புரை மூடிவிட்டது. என்னைக் கூப்பிட்டார். “நான் மட்டும் பார்த்தது போதாதுப்பா. இன்னொருத்தன் கண்ணும் பார்க்கணும். நீ போய்ப் பாரு. பார்த்தா வரி இருக்கட்டும். பார்க்கலைன்னா வந்து அடிச்சுடு.” பென்சிலையும் என் கையிலேயே கொடுத்தார். சார் சொல்லி நான் மறுத்ததில்லை. ஆனால் மலைக்காய்ச்சலை நினைத்து, ஊர் வந்து சேருவதற்குள் கொய்னா மாத்திரையைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தேன். காது ஙொய்யென்றது. அதையும் கொசு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பஸ்ஸுக்குள் கைதட்டிக்கொண்டே வந்தேன்.

பக்கத்து ஸீட்டில் உத்தமபாளையம் மீரான் ராவுத்தர். ஏலக்காய் வியாபாரி. உட்கார்ந்திருந்த இடமே பாயசம் மாதிரி மணந்தது. அவர் என்னைப் பற்றி விசாரித்தார். வண்டு பார்க்க வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அனுமந்தன்பட்டியில் புளியமரத்துக்குப் பக்கத்து வயலில் ஒரு வரப்பைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் என் தகரப் பெட்டியையும், அதிலிருந்து எட்டிப் பார்த்த அளவு நாடாவையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு என்னைத் தம் தோளில் சாய்ந்து தூங்கவே விட்டுவிட்டார்.

தேனியில் கரி போட பஸ் நின்றபோது அவரே காபி வாங்கித் தந்தார். கருப்பட்டிக் காபி. மெட்ராஸில் அப்போது கிடைத்த காபியில் காபியைத் தவிர எல்லாம் இருந்தது. இதில் காபியும் இருந்தது. உத்தமபாளையத்தில் தம் கடை மாடியிலேயே தங்கச் சொன்னார். கீழே இருந்து இடியாப்பமும் ஆட்டுக்கால் குழம்பும் வந்தன.

மறுநாள் காலை அனுமந்தன்பட்டி. அறுவடை முடிந்து நடவுக்குக் காத்திருந்த வயல்கள். அங்கே ஒரு வழக்கம். நடவுக்கு முன்னால் மலைமாட்டு மந்தையைக் கூலி பேசிக் கூட்டிவந்து, ராத்திரி முழுவதும் வயலில் அடைத்து வைப்பார்கள். கிடை போடுவது என்று பேர். மாடுகள் விடிந்ததும் மேய்ச்சலுக்கு மலையேறிவிடும். போட்டது வயலுக்கு உரம். நான் தேடிவந்த வயலில் கிடை போட்டிருந்தார்கள். சாணி தாராளமாக இருந்தது. வண்டுதான் இல்லை. மண் காய்ந்து கிடந்தது.

வரப்பு உயரமானது, அகலமானது, ஆள் படுத்து உருளலாம். அதன்மேல் குடையை விரித்து உட்கார்ந்தேன். சார் சொன்னபடி, அகலத்தையும் உயரத்தையும் நாடா பிடித்து அளந்தேன். தலை நிமிர்ந்தபோது எதிரில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பெரிய மீசை. கிடை போட்டிருந்த வயலின் சொந்தக்காரர், மொக்கைச்சாமி.

“வாங்கய்யா. வெயில்ல இங்கன உக்காந்திருக்கீகளே” என்றார். புளியமரத்தடிக்குக் கயிற்றுக்கட்டில் வந்தது. பதநீர் வந்தது. மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பும் அரிசிச்சோறும் வந்தன. யுத்த காலத்தில் வெள்ளைச் சோற்றைக் குவியலாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. கண் கலங்கிவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லி மழுப்பினேன்.

சாயங்காலம் வரப்பின் மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். ஒல்லி. பரமன் என்று பேர். அடுத்த வயல் அவருடையது. மொக்கைச்சாமியின் சித்தப்பா மகன். பங்காளிகள். அவர் கொண்டுவந்தது வெள்ளாட்டுக் கறி. மத்தியானம் அங்கே, சாயங்காலம் இங்கே. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். கறி முக்கியமாக இருந்ததால் அதற்கு மேல் கவனிக்கவில்லை. மெட்ராஸில் என் அடுத்த வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொம்பு திரும்பும்வரை வாசலிலேயே நிற்பார். இந்தப் பள்ளத்தாக்கு மனிதர்கள் தெய்வங்கள் என்று ராத்திரி கடை மாடிக்குத் திரும்பியதும் ராவுத்தரிடம் உருகினேன்.

ராவுத்தர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “தெய்வந்தான். ஆனா சார், கமிஷன் வந்தவுக ரெண்டு பக்கமும் சாப்பிடலாமா? கேஸு கெட்டுப் போகாதா?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வரப்பு யாருடையது என்று பங்காளிகளுக்குள் வழக்கு. முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை வரப்பில் யாரும் மண்வெட்டி, கடப்பாரை வைக்கக்கூடாது என்று ஸ்டே. இடத்தை அளந்து பார்க்கக் கோர்ட்டார் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பப் போவதாகப் பேச்சு. மெட்ராஸ் ஆள், கண்ணாடி, நாடா, வரப்பைப் பார்க்கவேண்டும் என்ற ரகசியக் குரல். ராவுத்தர் ஊரில் இறங்கியதுமே கமிஷன் வந்திருக்காக என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வியர்த்தது. கோர்ட் கமிஷனர் என்று ஊரை ஏமாற்றிக் கோழியும் ஆடும் தின்றவன். என்ன செக்ஷன், எத்தனை வருஷம், ஜெயிலில் கேழ்வரகுக் களிதானா என்று யோசித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினேன். கட்டிய பெட்டியில் உடுத்தவேண்டிய வேட்டியும் போய்விட்டது. மறுபடி திறந்தேன். உள்ளே சார் கொடுத்த பென்சில் கிடந்தது. வெளியே அதே நேரம் இடி இடித்துக் கோடை மழை ஊற்றியது. மழை பெய்து மண் இளகினால் மறுநாள் வெயிலில் வண்டு கிளம்பும். அது எனக்குத் தெரியும். காலை பஸ்ஸில் நான் ஓடினால், சாருடைய வரியை என் கையாலேயே அடிக்கவேண்டும். ஜெயிலுக்குப் போனாலும் அங்கே வண்டு இருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியை அவிழ்த்தேன். தைரியம் என்று நினைக்கவேண்டாம். விடியும் முன் இருட்டில் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

காலையில் வரப்பின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கும்பிட்டு, உண்மையைச் சொன்னேன். நான் வக்கீல் இல்லை, காலேஜில் வேலை, சாணி வண்டு பார்க்க வந்தேன், சாப்பிட்டதற்கு மன்னிக்கவேண்டும்.

மொக்கைச்சாமி கேட்டார். “பீவண்டு பாக்கவா மெட்ராஸ்லருந்து வந்தீக?”

“ஆமாம்.”

பரமன் என்னிடம் சொன்னார், ஆனால் மொக்கைச்சாமிக்குக் கேட்கிற மாதிரி. “கமிஷன்னா அப்படித்தான் சொல்லுவாக. நேராச் சொன்னா நம்ம உஷாராயிருவோம்ல.”

மொக்கைச்சாமியும் என்னைப் பார்த்து, பரமனுக்குக் கேட்கிற மாதிரி, அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். வருஷக்கணக்கில் இவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான் பொய்யன் என்பது. இருவரும் எனக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்கள்.

வெயில் ஏறியது. மழை பட்ட சாணியில் ஓர் அசைவு. கறுத்து மின்னும் ஒரு வண்டு வெளியே வந்து, கால்களால் வெட்டி, தட்டி, இழைத்து ஓர் உருண்டை செய்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. பிறகு தலைகீழாக நின்று, பின்னங்காலால் உருண்டையை உதைத்துத் தள்ளிக்கொண்டு புறப்பட்டது. எந்தத் திசைக்குப் போகிறோம் என்று பார்க்காமலே நேராக வரப்பை நோக்கி வந்தது. இந்தப் பயண முறை எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றியது.

“ஏன் அங்கனயே பொதைக்கல?” என்றார் மொக்கைச்சாமி. அவர் குரல் மாறியிருந்தது. அவர் கூலி கொடுத்துப் போட்ட கிடை. அவர் சாணி. அது பரமன் பக்கம் போகிறது.

வரப்படியில் வந்து ஏற ஆரம்பித்தது. பாதி ஏறி வழுக்கியது. உருண்டை கீழே உருண்டு போயிற்று, வண்டும் கூடவே விழுந்தது. எழுந்து தேடிப் பிடித்து மறுபடி தள்ளியது. மறுபடி விழுந்தது. மொக்கைச்சாமி விழும்போது நிம்மதியாகவும், பரமன் ஏறும்போது நிம்மதியாகவும் மூச்சு விட்டார்கள். நான் இரண்டுக்கும் மூச்சே விடவில்லை. சார் இளைஞராக, கண் இரண்டும் தெளிவாக, இதே வெயிலில் தனியாகக் குந்தியிருந்திருப்பார். நம்ப ஒருவரும் இல்லாமல் ஊர் திரும்பியிருப்பார்.

கடைசியில் ஏறிவிட்டது. நடு வரப்பில் நின்று, மண்ணைப் பறித்து, உருண்டையோடு உள்ளே இறங்கி மறைந்தது.

பார்த்துவிட்டேன். ஆனால் சார் என்னைக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: தின்பதற்குப் புதைத்ததா, குஞ்சுக்கா? குஞ்சுக்கு என்றால் உருண்டையில் முட்டை இருக்கும். தோண்டி எடுத்தால்தான் வரி நிற்கும். வரப்பிலோ கோர்ட் ஸ்டே. தோண்டிப் பார்க்கவேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன்.

“நான் மம்பட்டி வச்சா அவக கோர்ட்டுக்குப் போவாக” என்றார் மொக்கைச்சாமி.

“அவக வச்சா நான் போவேன்” என்றார் பரமன்.

இருவரும் இதை என்னிடமே சொன்னார்கள். பரமனின் மனைவி பேச்சியம்மா கஞ்சி கொண்டுவந்து நின்றிருந்தாள். தன் வீட்டுக்காரரிடம் கேட்டாள்: “ஸ்டேயில மம்பட்டின்னுதான போட்டிருக்கு? கரண்டின்னு போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. ஸ்டே உத்தரவை இருவரும் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார்கள். மண்வெட்டி, கடப்பாரை, ஏர். கரண்டி இல்லை. வண்டு உள்ளே வேலையை முடிக்கட்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்த பிறகு, இரண்டு வீட்டிலிருந்தும் சோற்றுக்கரண்டி வந்தது. ஒருவர் தோண்டினால் உரிமை கொண்டாடியதாகிவிடும் என்பதால், தத்தம் பக்கத்திலிருந்து இருவரும் தோண்டுவது, நடுவில் சந்திப்பது என்று முடிவாயிற்று. பெரிய மீசையும் ஒல்லி உடம்பும் எதிரும் புதிருமாக மண்டியிட்டு, கரண்டியால் வரப்பைச் சுரண்டியதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். கோர்ட் அவமதிப்பைக் கரண்டியால் செய்தால் தண்டனை குறைவா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பாதி தோண்டியபோது மொக்கைச்சாமி சட்டென்று சொன்னார். “ஏலே, மெல்ல. உருண்டையில பட்டுறப் போகுது.”

“தெரியுதுண்ணே” என்றார் பரமன்.

சொன்னபிறகுதான் இருவருக்கும் தாங்கள் பேசிவிட்டது தெரிந்தது. கரண்டிகள் நின்றன. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி சுரண்டின.

உருண்டை கிடைத்தது. வண்டு அதைப் பேரிக்காய் வடிவத்துக்கு மாற்றியிருந்தது, மெலிந்த முனையில் ஒரு சிறு மூடி. அங்கேதான் முட்டை இருக்கும். நான் கையில் எடுத்ததும் மொக்கைச்சாமி, சாணி நம்ம சாணி என்றார். வரப்பு எங்க வரப்பு என்றார் பரமன். ஒருவருக்கும் வேண்டாம், மெட்ராஸுக்கே போகட்டும் என்று இரண்டு பேருமே என்னிடம் சொன்னார்கள். வழக்கு அடுத்த வாய்தாவுக்கு வழக்கம்போல நடந்ததாக ராவுத்தர் பிறகு எழுதினார்.

மண் நிறைத்த தகர டப்பாவில் அதை வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை கணவாயில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கரி உருளை வெடித்தாலும் சரி, குலுக்கல் இல்லாமல் இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸோடு சேர்த்து என்னையும் தள்ளினார்கள். திட்டியது காதில் விழுந்தது.

சார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். டப்பாவைக் கையில் வைத்தேன். மண்ணை ஒதுக்கி, விரல் நுனியால் அந்த மெல்லிய முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணைப் போட்டு மூடினார். வெளியே வரட்டும், உடைக்கவேண்டாம் என்றார். பிறகு நடந்ததைச் சொல்லச் சொன்னார். கமிஷனையும் கரண்டியையும் சொன்னேன், சிரித்தார். வண்டு வரப்பில் ஏறியது என்றேன். சிரிப்பு நின்றது.

“ஒரே மூச்சிலயா ஏறிச்சு?”

விழுந்து விழுந்து எழுந்ததை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். கௌரவமான வரிக்கு அது அழகாக இல்லை என்று நினைத்தேன். “இல்லை சார். வழுக்கி விழுந்தது. கீழே வந்து மறுபடி தேடிப் பிடித்து...”

“எத்தனை தடவை?”

“நிறைய, சார். எண்ணத் தோணலை.”

புரை விழுந்த கண்களை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ மேலே ஏற்றுகிற மாதிரி மெதுவாக அசைத்தார். பாதியில் கை சரிந்தது. மறுபடி ஏற்றினார்.

“அதேதான்” என்றார். “நானும் பார்த்தேன். அப்ப எழுதலை. ஏறிச்சுன்னு சொன்னதையே நம்பலை. விழுந்து விழுந்து ஏறிச்சுன்னா, கதை எழுதுறேன்னு சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்ப்பா. அத்தனை வருஷமா அந்தப் பாதியை விட்டுட்டேன்.”

அவர் பயப்பட்டார் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துரையின் காருக்கு எழுந்திருக்காத மனிதர். நான் பென்சிலை எடுத்து, அச்சுக்குப் போக வைத்திருந்த கட்டுரையை மடியில் விரித்து, அந்த வரியைத் தேடிப் பிடித்தேன்.

“வரி இருக்கட்டும்” என்றார். “அதுக்குப் பக்கத்தில், விழுந்ததையும் எழுதிக்கோ.”